ஹூஸ்டனிலிருந்து கேலப்புக்கு: ஒரு டிராவல் நர்ஸின் நாட்குறிப்பு

வியாழன் இரவு, ஹூஸ்டன்

நாளை விடிகாலையில் கிளம்புகிறோம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் கேலப் என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு மருத்துவமனையில் 13 வாரத்துக்கு இரவு வேலை. டிராவல் நர்ஸாக நான் போகும் முதல் ஊர் இதுதான். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. டெக்சஸில் எம்.எஸ். படிக்கும் தம்பி, ஆல்புகர்க்கி வரை துணைக்கு வருகிறான். அங்கிருந்து விமானத்தில் திரும்பிவிடுவான்.

நாகர்கோவிலில் என்னோடு நர்ஸிங் படித்தவர்களும் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். அமெரிக்காவில் ஆள் போதாத மருத்துவமனைகள், ஏஜென்சி வழியாகத் தற்காலிக நர்ஸ்களை எடுக்கும். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். வாரத்துக்கு 36 மணி நேரம், அதாவது 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று. முடிந்ததும் இரு தரப்புக்கும் சம்மதம் என்றால் நீட்டிக்கலாம், இல்லையென்றால் அடுத்த ஊர்.

மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வேறு என்பதுதான் இதில் பழைய தலைவலி. இப்போது பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை வைத்திருக்கின்றன. சொந்த மாநிலத்தில் வாங்கிய ஒரே லைசென்ஸ் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் செல்லும். டெக்சஸும் நியூ மெக்சிகோவும் அதில் உண்டு. கலிஃபோர்னியா இன்னும் சேரவில்லை, அங்கே போக வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பளத்தில் இரண்டு பகுதி. மணிக்கணக்கில் வரும் கூலிக்கு வரி உண்டு. தங்கவும் சாப்பிடவும் தரும் படிக்கு வரி கிடையாது, ஆனால் வேறு ஊரில் நமக்கு நிஜமான வீடு இருந்து, அதற்கும் நாம் செலவழித்துக்கொண்டிருந்தால்தான் அந்தச் சலுகை. ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்யப்போகிறோம் என்றால் அதுவும் போய்விடும். ஹூஸ்டன் வீட்டு வாடகையை நாங்கள் தொடர்ந்து கட்டுகிறோம், அதனால் எனக்குச் சிக்கல் இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் வரிக் கணக்கு தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஏஜென்சி முதலில் அனுப்பிய ஒப்பந்தத்தில் உத்தரவாத மணி நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வரி இல்லாவிட்டால், நோயாளிகள் குறைந்த நாளில் "இன்று வர வேண்டாம்" என்று ஃபோன் வரும், அன்றைய கூலி போய்விடும். வாடகையோ நிற்காது. ரெக்ரூட்டர் "அப்படியெல்லாம் நடக்காது, கவலைப்படாதீர்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எந்தெந்த வார்டுக்கு மாற்றி அனுப்பலாம் என்பதையும் அப்படியே எழுதி வாங்கினேன். ஃபோனில் இனிமையாகச் சொல்வது எதுவும் கணக்கில் வராது, தாளில் இருப்பதுதான் செல்லும்.

பெட்டியில் ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிச் சான்றுகள், உயிர்காப்புப் பயிற்சி அட்டைகள், குக்கர், அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்ப்பொடி. தூங்கப் போகிறேன்.

வெள்ளி, ஃபோர்ட் ஸ்டாக்டன்

ஐ-10 நெடுஞ்சாலை டெக்சஸுக்குள் மட்டும் 880 மைல் ஓடுகிறது. மைல் கற்கள் மேற்கு எல்லையிலிருந்து தொடங்குவதால் நமக்கு எண் இறங்கிக்கொண்டே வரும். ஹூஸ்டனில் எழுநூற்றுச் சொச்சம், சாயங்காலம் ஃபோர்ட் ஸ்டாக்டன் வந்தபோது இருநூற்று ஐம்பதுகள். சான் அன்டோனியோ தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, பிறகு புதராகி, கடைசியில் வெறும் கல்மேடும் காற்றாலைகளும்தான். வேக வரம்பு மணிக்கு 80 மைல். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே வந்தோம், அடுத்த பங்க் எங்கே வரும் என்று நம்பி ஓட்டும் சாலை இல்லை இது.

ஸோனோரா பக்கத்தில் தம்பி கேட்டான்.

"அக்கா, படிச்சு முடிச்ச உடனேயே இப்படி டிராவலுக்குப் போயிருந்தா இவ்வளவு நாள் குறைஞ்ச சம்பளத்துல இருந்திருக்க வேண்டாமே?"

பல பேர் மனதில் இருக்கும் கேள்விதான். ஏஜென்சிகள் பெரும்பாலும் ஒரு வருடமாவது, இரண்டு வருடம் என்றால் இன்னும் நல்லது என்று அனுபவம் கேட்கும். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. டிராவல் நர்ஸுக்குப் புது வார்டில் கிடைக்கும் பயிற்சி ஒன்றிரண்டு ஷிஃப்ட்தான். மருந்து எங்கே, கிராஷ் கார்ட் (உயிர் காக்கும் அவசர மருந்தும் கருவியும் வைத்த தள்ளுவண்டி) எங்கே, கணினியில் எதை எங்கே பதிவது, யாரைக் கூப்பிடுவது, இவற்றை மட்டும்தான் காட்டுவார்கள். நோயாளியைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நமக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று நம்பித்தான் கூலி கொடுக்கிறார்கள்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சேச்சி. கோட்டயத்துக்காரர், ஹூஸ்டன் வார்டுகளில் முப்பது வருடமாக இருப்பவர். நான் ஊரில் படித்து, கல்யாணமாகி இங்கே வந்து, நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதித் தேறி, புது நர்ஸாகச் சேர்ந்தபோது அவர்தான் என் பிரிசெப்டர், அதாவது கூடவே இருந்து வேலை பழக்கும் மூத்த நர்ஸ். மூன்று மாதம் அவர் நிழலில் வேலை செய்தேன். அவர் முதல் வாரத்தில் சொன்னது இது.

"மோளே, மெஷின் நாலு நம்பர் காட்டும். மூச்சை மட்டும் நீயே எண்ணணும். முழுசா ஒரு நிமிஷம்."

மூச்சு எண்ணிக்கையைப் பல இடங்களில் ஒரு குத்துமதிப்பில் எழுதிவிடுவார்கள். யாரைப் பார்த்தாலும் 18, யாரைப் பார்த்தாலும் 20. ஆனால் உடம்பு மோசமாகப் போகிறது என்பதை இரத்த அழுத்தத்துக்கு முன்னால், பல நேரம் ஆக்சிஜன் அளவுக்கும் முன்னால், மூச்சுதான் காட்டிக்கொடுக்கும். ஒரு இரவு, அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு எண்ணிப் பார்த்தால் 28. மற்ற எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவசரக் குழுவைக் கூப்பிட எனக்குக் கை நடுங்கியது, பெரிய டாக்டர்கள் வந்து "இதற்கா கூப்பிட்டாய்" என்பார்களோ என்ற பயம். சேச்சி பக்கத்தில் நின்று "நீயே கூப்பிடு" என்றார். நுரையீரலுக்குப் போகும் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்திருந்தது. அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்த இரவுக்கு முன்னால் என்னை எந்த ஊருக்கும் அனுப்பியிருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

நர்ஸிங் ஆய்வாளர் பாட்ரீசியா பென்னர் 1980களில், ஒரு நர்ஸ் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் நிலைக்குப் போக ஐந்து படிகள் உண்டு என்றார். நடுவில் இருக்கும் மூன்றாவது படிக்கு வரவே, ஒரே மாதிரியான வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பது அவர் கணிப்பு. நடைமுறையில் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். தம்பிக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவன் தூங்கிவிட்டிருந்தான்.

சனி, லாஸ் க்ரூசஸ்

வேன் ஹார்ன் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. எல் பாசோவில் சாலையிலிருந்தே மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரத்து வீடுகள் தெரிகின்றன.

மத்தியானம் வெண்மணல் தேசியப் பூங்கா. 2019 டிசம்பரில்தான் தேசியப் பூங்கா ஆனது. 275 சதுர மைலுக்கு ஜிப்சம் மணல், வெளுப்பில் கண் கூசுகிறது, ஆனால் வெயிலிலும் காலைச் சுடுவதில்லை. பக்கத்தில் இராணுவத்தின் ஏவுகணைத் தளம் இருப்பதால் சோதனை நடக்கும் நேரத்தில் சாலையை மூடிவிடுவார்களாம். தம்பி பிளாஸ்டிக் தட்டு வாங்கிச் சறுக்கிக்கொண்டிருந்தான். நான் மேட்டில் உட்கார்ந்து, அனுப்பியிருந்த ஓரியன்டேஷன் தாள்களைப் படித்தேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

ஞாயிறு, கேலப்

லாஸ் க்ரூசஸுக்கு வடக்கே ஐ-25இல் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. நாட்டுக்குள்ளேயேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், ஆனாலும் நிறுத்திக் கேட்பார்கள். என் கிரீன் கார்டும் தம்பியின் பாஸ்போர்ட்டும் கல்லூரித் தாள்களும் கையிலேயே இருந்தன. இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் இவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

அதைத் தாண்டினால் ஹாட்ச். மிளகாய்க்குப் பேர்போன ஊர், இது அறுவடைக் காலம். கடைவாசலில் கம்பி உருளை ஒன்றில் பச்சை மிளகாயை மூட்டையோடு கொட்டி, கேஸ் தீயில் சுழற்றிச் சுடுகிறார்கள். அந்த வாசனைக்கு வண்டி தானாக நின்றுவிட்டது. நியூ மெக்சிகோவில் எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள், எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்பதற்காக. சட்டசபையே அதை மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி என்று அறிவித்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். நாங்கள் கிறிஸ்துமஸ் சொன்னோம். உறைப்பு நம் நாக்குக்கு ஒன்றுமில்லை, சுட்ட வாசனைக்காகவே சாப்பிடலாம். ஒரு பை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆல்புகர்க்கி விமான நிலையத்தில் தம்பியை இறக்கிவிட்டேன். "அக்கா, ராத்திரி போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு" என்றான். சின்ன வயதில் நான் அவனுக்குச் சொன்ன வாக்கியம்.

அங்கிருந்து ஐ-40இல் மேற்கே 140 மைல் தனியாக. கிராண்ட்ஸ் பக்கம் எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கரும்பாறை வெளி, அதன் பிறகு சிவப்புக் குன்றுகள். நடுவில் 7,200 அடிக்கு மேல் கண்டத்தின் நீர்ப்பிரி மேடு வருகிறது. அதற்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை அட்லாண்டிக் பக்கமும், அந்தப் பக்கம் பெய்வது பசிபிக் பக்கமும் போகும். கேலப்பின் உயரம் சுமார் 6,500 அடி. பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. சரக்கு ரயில்கள் ஊர் நடுவே இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கின்றன.

வாடகைக்கு எடுத்தது ஒரு வீட்டின் மேல்மாடி அறை. படத்தில் இருந்த அடுப்பு நேரில் இல்லை, மின்சார ஒற்றைப் பர்னர்தான் வைத்திருக்கிறார்கள். நல்லவேளையாக முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும்தான் பணம் கட்டியிருக்கிறேன். முழு 13 வாரத்துக்கும் பார்க்காமல் முன்பணம் கட்டாதே என்று சேச்சி சொல்லி அனுப்பியிருந்தார்.

செவ்வாய், கேலப்

நேற்றும் இன்றும் தாள் வேலை. மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. நோயாளிகளைப் பற்றி எழுதும்போதும் அடையாளம் வராதபடி சில விவரங்களை மாற்றியிருப்பேன்.

என்95 முகக்கவசம் பொருந்துகிறதா என்ற சோதனை, சர்க்கரை அளவு பார்க்கும் கருவியில் பயிற்சி, மருந்து அலமாரிக்குக் கைரேகை, கணினிப் பதிவுக்கு அரை நாள். என்னோடு சேர்ந்த இன்னொரு டிராவல் நர்ஸ் ஒகையோக்காரப் பெண்மணி, பத்து வருடமாக இப்படியே சுற்றுகிறாராம். புது வார்டில் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியவை எவை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கிராஷ் கார்ட், ஆக்சிஜன் சிலிண்டர், அவசரக் குழுவின் எண், எந்த நர்ஸிடம் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார் என்பது" என்றார். அந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

புதன், கேலப்

அவரைக் கண்டுபிடித்துவிட்டேன்.

இன்று பகல் ஷிஃப்டில் பயிற்சி. என்னைச் சேர்த்துவிட்டது ஒரு நவஹோ நர்ஸோடு. இந்த ஊர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெதுவாகப் பேசுகிறார். கேலப்பை ஒட்டித்தான் நவஹோ தேசம் இருக்கிறது, டினே என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். பரப்பு சுமார் 27,000 சதுர மைல். இலங்கையைவிடப் பெரியது, ஆனால் அங்கே வாழ்பவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. எங்கள் வார்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் வருகிறார்கள், சிலர் இரண்டு மணி நேரம் மண் சாலையில் ஓட்டிக்கொண்டு.

காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்திருந்த ஒரு பெரியவருக்கு இன்று டிஸ்சார்ஜ். கணினி அச்சடித்துத் தரும் தாளில் எல்லா ஊருக்கும் ஒரே வாசகம்: புண்ணைத் தினமும் இரண்டு முறை சுத்தமான ஓடும் நீரில் கழுவவும், இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும், மறுபரிசோதனைக்கு ஏழாம் நாள் வரவும். அந்த நர்ஸ் தாளைக் கையில் எடுக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் பெரியவரின் ஆடுகளைப் பற்றிக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக வந்தார். தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள்? யார் ஓட்டிப் போய் நிரப்புகிறார்கள்? ஒரு பீப்பாய் எத்தனை நாள் வரும்? மின்சாரம் உண்டா? மழை பெய்தால் உங்கள் சாலையில் வண்டி வருமா?

நவஹோ நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. பீப்பாயில் பிடித்து லாரியில் ஏற்றி வருகிறார்கள். அப்படி வரும் தண்ணீரில் சமையல், குடிப்பது, ஆடு, அதற்கப்புறம்தான் புண். "ஓடும் நீரில் இரண்டு முறை" என்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். பெரியவரோ மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். கடைசியில் முடிவானது இது: கழுவுவதற்கு உப்புநீர் பாட்டில்களை மருத்துவமனையே கொடுத்து அனுப்பும். கட்டு மாற்றுவதை ஒரு நாளைக்கு ஒரு முறையாக மாற்றிக்கொள்ள டாக்டரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கினார். திறந்த இன்சுலின் பேனா, சூடு அதிகம் இல்லாத இடமென்றால் வெளியிலேயே 28 நாள் தாங்கும். திறக்காத பேனாக்கள் மின்சாரம் உள்ள மகள் வீட்டில் இருக்கும். ஏழாம் நாள் மழை என்றால் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருந்த விதம்தான் எனக்குப் பெரிய பாடம். பெரியவர் பதில் சொல்ல நீண்ட நேரம் எடுத்தார். நான் பழகிய வேகத்தில் அதற்குள் அடுத்த கேள்வி போயிருக்கும். இவர் அசையவில்லை, கண்ணுக்குள் பார்த்து நெருக்கவும் இல்லை. பதில் வந்தது, அதோடு யாரும் கேட்காத ஒரு தகவலும் வந்தது: கால் மரத்துப்போய்ப் பல மாதமாகிறது, ஷூவுக்குள் கல் இருந்தாலும் தெரிவதில்லை. கல் இருக்கிறதா என்று தினமும் பேத்தி ஷூவைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பதும் தாளில் ஏறியது.

இந்தச் சீட்டை ஹூஸ்டனில் நான் எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். சர்க்கரை நோய் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இன்று வரவில்லை. இந்த வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியாதது மட்டும்தான் வந்தது, டிராவல் நர்ஸ் போகும் ஒவ்வொரு ஊரிலும் கற்றுக்கொள்ள வேண்டிய பங்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

இடைவேளையில் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். நோயாளிகளிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது? நவஹோ வழக்கத்தில், நடக்கக்கூடாததை வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்ற எண்ணம் வலுவானது. "நீங்கள் காலை இழக்கலாம்" என்று நேருக்கு நேர் சொல்வது அவர்களுக்குச் சபிப்பதற்குச் சமம். ஜோசஃப் கரீஸ், லோர்னா ரோட்ஸ் என்ற இருவர் 1995இல் இதை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இவர் சொன்ன வழியும் அதில் இருப்பதுதான்: "இந்த நோய் உள்ள சிலருக்கு இப்படி ஆவதுண்டு, அப்படி ஆகாமலிருக்க இதைச் செய்யலாம்" என்று வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் சொல்ல வேண்டும். எனக்கு இதில் புதுமை எதுவும் படவில்லை. எங்கள் வீட்டில் ஆச்சி இருந்தவரை, உடம்பு சரியில்லாதவர் காதில் விழும்படி யாராவது அப்படிப் பேசினால் "வாயைக் கழுவு" என்று விரட்டுவாள்.

வெள்ளி மத்தியானம், கேலப்

நேற்று இரவு தனியாக முதல் ஷிஃப்ட். ஐந்து நோயாளிகள். தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

உயரம் காரணமாக இங்கே ஆக்சிஜன் அளவு எல்லோருக்கும் கொஞ்சம் கீழேதான் இருக்கும். ஹூஸ்டனில் 91 என்று பார்த்தால் ஓடுவோம், இங்கே வயதானவர்களில் பலருக்கு அது வழக்கமான எண் என்று ஷிஃப்ட் மாறும்போது ரிப்போர்ட் கொடுத்த நர்ஸ் சொல்லியிருந்தார். நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த ஒருவருக்குச் சாயங்காலமும் 91, நள்ளிரவிலும் 91. திரையைப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. நின்று ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். சாயங்காலம் 20 இருந்தது 30 ஆகியிருந்தது. அதே 91ஐப் பிடித்து வைக்க உடம்பு அவ்வளவு பாடுபடுகிறது என்று அர்த்தம். டாக்டரைக் கூப்பிட்டேன், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன் கூட்டி, விடிவதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். காலையில் நிலைமை சீராக இருப்பதாகச் சொன்னார்கள். சேச்சிக்கு ஃபோன் செய்து சொன்னேன். "ம்ம், எண்ணினாயல்லவா" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவும் கூப்பிட்டாள். "சாப்பிட்டியா மக்களே? குளிரா இருக்கா? அங்க நம்ம ஆளுக யாராவது உண்டா?" தமிழர் யாரையும் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் ஹாட்ச் மிளகாயைப் போட்டு வைத்த புளிக்குழம்பை வார்டுக்குக் கொண்டுபோனேன், பாத்திரம் காலி.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். விடியற்காலை காபி குடிக்கும்போது, இந்த ஊரில் பிறந்து இங்கேயே இருக்கும் ஓர் இளம் நர்ஸ், என் வாரக்கூலி எவ்வளவு என்று கேட்டார். பொய் சொல்லவில்லை. அவருடையதைவிட நிறைய அதிகம். அவர் கோபப்படவில்லை, "எங்களுக்கும் அதில் பாதி கூட்டிக் கொடுத்தால் பாதிப் பேர் இந்த ஊரைவிட்டுப் போயிருக்கமாட்டார்கள்" என்றார். அது நியாயம். 2020இல் கொரோனா இந்த ஊரை அடித்துப் போட்டது. மே 1ஆம் தேதி ஆளுநர் மிஷெல் லூஹான் க்ரிஷாம் கேலப்புக்குள் வரும் சாலைகளையே மூட உத்தரவிட்டார். தலைக்கு எண்ணினால் நவஹோ மக்களிடையே தொற்று நாட்டிலேயே மிக அதிகம் என்ற நிலை வந்தது. அப்போது வெளியூர் நர்ஸ்கள் வந்து உதவினார்கள், பிறகு போய்விட்டார்கள். சொந்த அத்தையையும் பக்கத்து வீட்டுக்காரரையும் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர்கள் இன்னமும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் வந்திருப்பதால் ஒரு காலி இடம் நிரம்புகிறது, அது உண்மை. இந்த ஏற்பாடு அவர்களுக்குச் செய்யும் அநியாயமும் உண்மை. கூலியைப் பற்றிப் பேச்சு வந்தால் மறைக்காமல் சொல்வது, கூடுதல் வேலை வந்தால் "அது என் ஒப்பந்தத்தில் இல்லை" என்று ஒதுங்காமலிருப்பது, இந்த இரண்டும்தான் இப்போதைக்கு என் கையில் இருக்கின்றன.

ஞாயிறு, விண்டோ ராக்

லீவு நாள். கேலப்பிலிருந்து அரை மணி நேரத்தில் அரிசோனா எல்லையைத் தாண்டினால் விண்டோ ராக், நவஹோ தேசத்தின் தலைநகரம். செம்பாறையில் பெரிய வட்டமாக ஓட்டை, அதன் கீழே இரண்டாம் உலகப் போரில் தங்கள் மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய நவஹோ வீரர்களுக்கு நினைவிடம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, நவஹோ தேசம் மாற்றும். அதனால் எல்லை தாண்டியும் என் ஃபோனில் கேலப் நேரமே காட்டியது. மருத்துவமனை அப்பாயின்மென்ட் நேரம் சொல்லும்போது எந்த ஊர்க் கடிகாரம் என்று கேட்டுவிட வேண்டும் என்று புதன்கிழமை நர்ஸ் சொன்னதன் அர்த்தம் அப்போது புரிந்தது.

அவர் சொல்லித்தான் ஆனி டாட்ஜ் வௌனிக்காவைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். 1951இல் நவஹோ பழங்குடி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். காசநோய் வீட்டுக்கு வீடு ஆளைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. மருத்துவமனைக்குப் போக அஞ்சியவர்களின் வீடுகளுக்கே நேரில் போய், அவர்கள் மொழியில் கிருமியை விளக்கி, சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர்களைத் திரும்ப அழைத்துப் போனார். பாரம்பரிய மருத்துவர்களை எதிர்க்காமல் அவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1963இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அவர் நர்ஸ் இல்லை. ஆனால் நோயாளிக்குப் பாடம் சொல்வது எப்படி என்று கற்க விரும்பும் எந்த நர்ஸும் இவரைப் படிக்க வேண்டும்.

சந்தையில் ஆட்டுக்கறி சூப்பும் பொரித்த ரொட்டியும் சாப்பிட்டேன். சூப்பில் மசாலா எதுவும் இல்லை, உப்பும் கறியும் உருளைக்கிழங்கும்தான், ஆனால் கறி அவ்வளவு ருசி.

அறைக்குத் திரும்பி ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். இரவு ஷிஃப்டில் டிஸ்சார்ஜ் வராது, ஆனால் மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்களிடம் பேச எங்களுக்குத்தான் நேரம் இருக்கும். அதனால் கேட்க வேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதுகிறேன்: தண்ணீர், மின்சாரம், சாலை, வண்டி யாரிடம், ஃபோன் சிக்னல் எங்கே கிடைக்கும், வீட்டில் கூட இருப்பவர் யார். காலை ரிப்போர்ட்டில் பகல் நர்ஸிடம் அந்த அட்டையைக் கொடுத்துவிட்டால் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதன்கிழமை நர்ஸ் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை இரவு ஏழு மணிக்கு ஷிஃப்ட், அரை மணி முன்னதாகப் போனால் அவரைப் பிடித்துவிடலாம்.